தப்புக்குச் சம்பளம்

பொன்னிறை நிட்ஸ் கம்பெனியில் சென்னியப்பன் வகித்த பதவியின் பெயர் அந்நியச் செலாவணி மேலாளர். அந்தப் பதவியில் இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்துவந்த வேலை, யூரோவும் டாலரும் எந்தப் பக்கம் போகும் என்று முதலாளிக்குத் தப்பாகச் சொல்வது.

வேண்டுமென்றே செய்ததில்லை. திருப்பூரில் பனியன் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்குச் சரக்குக்கான பணம் மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். அதற்குள் யூரோ ஏறினால் கொண்டாட்டம். இறங்கினால் நூலுக்கும் சாயத்துக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவது அட்டைப்பெட்டிதான். ஆகவே இன்றைய விலைக்கே பாங்கில் எழுதி வைத்துக்கொள்வதா, பொறுத்துப் பார்ப்பதா என்று ஒருவர் சொல்ல வேண்டும். சென்னியப்பன் பொறுக்கச் சொல்வார், யூரோ படுத்துவிடும். எழுதச் சொல்வார், மறுநாள் காலையிலேயே எழுந்து ஓடும். "ஜெர்மனிக்காரன் பாங்குல எம்பட போட்டோவை மாட்டி வச்சிருப்பானுங்க" என்று அவரே கேண்டீனில் சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது அவர் பழக்கம். உத்தியோகத்தில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே பாதுகாப்பு அதுதான்.

பிறகு ஏன் வேலையை விட்டு அனுப்பவில்லை என்றால், அவர் முதலாளி தெய்வசிகாமணியின் அப்பா வைத்த ஆள். கை சுத்தம். தவிர, நஷ்டம் வந்த நாளில் திட்டுவதற்கு ஒருவர் கம்பெனிக்குள்ளேயே இருப்பது வசதி.

ஆனால் ஊரில் மற்ற கம்பெனிகளெல்லாம் செலாவணி வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்து ஐந்தாறு வருஷமாகியிருந்தது. யூரோ–டாலர், பவுண்டு–டாலர், டாலர்–ரூபாய் என்று நாணயங்களை ஜோடி ஜோடியாக அவை தாமாகவே வாங்கின, விற்றன, கண்ணிமைப்பதற்குள் நூறு தடவை மனசை மாற்றிக்கொண்டன. இன்னமும் மனிதனை வைத்து யூரோ பார்க்கிற கடைசி முதலாளி என்ற பேச்சு தெய்வசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. அவரும் ஒன்றை வாங்கினார். அதற்குத் தனி அறை, தனி ஏ.சி. உள்ளே செருப்புப் போடக்கூடாது, யாரும் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது. இரண்டே நாளில் தையல் பிரிவுக்காரர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வந்த மூன்றாவது வாரம் சென்னியப்பன் தம் மேஜை இழுப்பறையைக் காலி செய்தார். ஒரு சீப்பு, வாயு மாத்திரை, கம்பெனி வெள்ளிவிழாவுக்குக் கொடுத்த பேனா ஆகியவை ஒரு துணிப்பையைக்கூட நிரப்பவில்லை. தினசரி தம் கணிப்பை எழுதிவைத்த இருபத்திரண்டு டைரிகளையும் மாப்பிள்ளைக்குப் படிக்கக் கொடுத்தாகிவிட்டது. வைகாசியில் ஐம்பத்துநாலு முடிந்திருந்தது. இந்த வயதில் புதிதாக எங்கே போய்த் தப்புச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெஸ்லின் வந்தாள். மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுவிய பெண்; நாகர்கோவில்காரி.

"சார், பையை வைங்க. அது உங்களைக் கேக்குது."

"எது அம்மிணி?"

"சாஃப்ட்வேர்தான். உங்க டைரி எல்லாத்தையும் படிச்சிட்டு, இந்த மனுஷன் தினமும் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது."

சென்னியப்பன் உட்கார்ந்துவிட்டார். ஜெஸ்லின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உலகத்துல உள்ள எல்லா சாஃப்ட்வேரும் ஒரே செய்தியைத்தான் படிக்குது சார். எல்லாத்துக்கும் ஒரே நொடியில ஒரே யோசனைதான் வரும். அப்புறம் யாருக்கு என்ன லாபம்? ஜெயிக்கணும்னா வேற எவன்கிட்டயும் இல்லாத ஒரு தகவல் வேணும். அது நம்மகிட்ட இருக்கு."

"என்னது அது?"

"நீங்கதான்."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாருமே மதிக்காத ஒரு திறமையை இருபத்திரண்டு வருஷம் சுமந்து திரிந்திருக்கிறோம், கடைசியில் ஒரு இயந்திரத்துக்குத்தானே அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் மனைவி வசந்தாமணியிடம் சொன்னபோது அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களையா? பேரை நல்லாக் கேட்டீங்ளா?"

அடுத்த வாரத்திலிருந்து சென்னியப்பன் காலை பத்து மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை அறைக்குள் போனார். இடது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். அது நாடியைப் பார்க்கும், வியர்வையைப் பார்க்கும். கம்பெனிக்குள் இருக்கும் நேரமெல்லாம் கழற்றக்கூடாது. "யூரோ–டாலர். உங்கள் கருத்து?" என்று மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்கும். அவர் சொல்வார். அவ்வளவுதான் வேலை. பத்தே காலுக்கு டீ வந்துவிடும்.

கம்பெனிக்கு லாபம் கொட்டியது. சம்பளம் இரண்டு மடங்கானது. இஸ்திரி போட்ட சட்டை, கறுப்பு ஷூ, பேச்சில் கொஞ்சம் இங்கிலீஷ் என்று சென்னியப்பன் ஆளே மாறிப்போனார். ஒரு திருமண மண்டபத்தில் ஐந்து பேரை உட்கார வைத்து, "யூரோங்கறது ஒரு மனநிலைங்க" என்று அரைமணி நேரம் பேசினார். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது மடல் சுடும்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் ஜெஸ்லின் போன் பேச வெளியே போயிருந்தாள். வழக்கமாக மூடியிருக்கும் மாப்பிள்ளையின் கணினித் திரை திறந்து கிடந்தது. அன்று காலை சென்னியப்பன் பவுண்டு ஏறும் என்று சொல்லியிருந்தார். திரையில் பவுண்டு விற்பனை என்று இருந்தது. மாப்பிள்ளைக்கும் கை தவறும் போலிருக்கிறது என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு மேலே தள்ளிப் பார்த்தார். நேற்று இறங்கும் என்றார், வாங்கியிருந்தது. முந்தாநாள் ஏறும் என்றார்; விற்றிருந்தது. ஐந்து மாதம் மேலே போயும் அவர் சொன்னதை அது ஒருநாள்கூடச் செய்திருக்கவில்லை.

ஜெஸ்லின் திரும்பி வந்தாள்.

"அம்மிணி, மாப்பிள்ளை எம்பட பேச்சை ஒரு நாளும் கேக்கலையே?"

"கேட்டுச்சு சார். தினமும் கேட்டுச்சு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "கேட்டுட்டு எதிர்ப்பக்கம் போச்சு."

சென்னியப்பன் வழக்கம்போல முந்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். இந்தத் தடவை சிரிப்பு நேரத்துக்கு வரவில்லை.

"நூத்துக்கு எழுபத்தெட்டு தடவை நீங்க தப்பு சார். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி தடவை சரியா வந்துரும். எழுபத்தெட்டு தப்பு வரணும்னா அது சாதாரணம் இல்ல. உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்கு எங்கயும் கிடைக்கலை. நீங்க முன்னயே தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சு." பிறகு, நீண்ட நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "டைரியில சில நாள் 'பூ ஒண்ணு', சில நாள் 'பூ மூணு'ன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கண்டுபிடித்தாயிற்று, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சென்னியப்பன் உண்மையைச் சொன்னார். யூரோ விஷயத்தில் மனசு இரண்டுபட்டால், சாயப்பட்டறைக்குப் பின்னாலிருக்கும் மாகாளியம்மன் கோயிலில் பூக் கேட்பார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் மடித்து அம்மன் காலடியில் வைத்துப் பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். பக்கத்து ஊர்களிலும் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்பார்கள். அவர் யூரோவுக்குக் கேட்டார்.

"அப்ப அம்மன் தப்பாச் சொல்லுச்சா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லாத அம்மிணி. அம்மன் மேல தப்பில்ல. எனக்குப் புடிக்காத பூ வந்துச்சுன்னா, சரியா மடிக்கலீன்னு சொல்லி மறுக்காக் கேப்பேன். வேணுங்கற பூ வர்ற வரைக்கும் கேப்பேன். அதைத்தான் மூணுன்னு எழுதிவச்சேன்."

ஜெஸ்லின் விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"ஒரு தடவை கேட்ட நாள்ல பாதிக்குப் பாதி சரி சார். ரெண்டு, மூணுன்னு எழுதின நாள்ல ஒண்ணுகூடத் தேறலை."

ஆக, அம்மனும் யூரோவும் சேர்ந்து அவரைப் பழிவாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு தடவையும் தம் ஆசையைத் தூக்கி அம்மன் வாயில் வைத்தது அவரேதான். சென்னியப்பனுக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

"உண்மை தெரிஞ்சு போச்சே. இனிமே நான் மாத்திச் சொல்லிருவேனே?"

"தாராளமா மாத்திச் சொல்லுங்க. அது வாயைப் பாக்குறதில்ல சார். பட்டை வழியா நீங்க எதை நம்புறீங்கன்னு பாக்குது."

மறுநாள் சோதித்துப் பார்த்தார். யூரோ நிச்சயம் ஏறும் என்று உள்ளே தோன்றியது. தோன்றுவதெல்லாம் தப்பு என்று தெரியும். அப்படியானால் இறங்கும் என்று நம்ப முயன்றார். கண்ணை மூடிக்கொண்டு முக்கினார். முடியவில்லை. தப்பு என்று தெரிந்தும் அது ஏறும் என்றே மனசார நம்பினார். நாடி அதையே சொன்னது. மாப்பிள்ளை விற்றது. யூரோ இறங்கியது. இதைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டு மாதக் கடைசியில் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்.

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மில் முதலாளி இரண்டு ஜாதகத்தைக் கொண்டுவந்து, எந்தப் பையன் தேவலை என்று கேட்டார். சென்னியப்பன் ஒருவனைச் சொன்னார். அவர் நன்றி சொல்லிவிட்டு மற்றவனுக்குப் பெண்ணைக் கொடுத்தார். மழை வருமா, நிலம் வாங்கலாமா, எந்த டாக்டர் என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். எல்லாரும் அவர் சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்டது வாழ்க்கையிலேயே அப்போதுதான். வெட்கத்தை விட்டு, செலாவணி பற்றி மாலை வகுப்பு ஒன்றில் சேரப் போனார். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: ஒப்பந்தப்படி அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. அதே பேப்பர், அதே டீக்கடை, அதே நண்பர்கள். ஆள் கெட்டுப்போய்விடக் கூடாதாம்.

வீட்டிலும் அதுதான். அவர் வேண்டாம் என்ற வாஷிங் மெஷினை வசந்தாமணி அன்றைக்கே வாங்கினாள். அதுகூடப் பரவாயில்லை. மகள் தாரணிக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை கிடைத்தது. "அப்பா, நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்று போனில் கேட்டாள். இரண்டு நாள் யோசித்து, நான்கு பேரை விசாரித்து, சென்னை என்றார். "தேங்க்ஸ்ப்பா" என்று சிரித்தவள் பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். அன்றைக்கு அவர் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று போய், வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பெற்ற மகளுக்குக்கூடத் தம் வார்த்தை வெறும் எச்சரிக்கைப் பலகையாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே மாப்பிள்ளை வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோதுதான் வினை வந்தது.

பொன்னிறையில் ஐந்நூற்று நாற்பது பேர். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வருஷம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள், போனஸ் வாங்கிய கையோடு தேனிக்கும் சிவகாசிக்கும் ஒடிசாவுக்கும் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பணம்தான் அவர்களுக்குத் துணிமணி, வட்டி, பள்ளிக்கூடம், எல்லாம். யூனியனோடு பேசி முடித்து மொத்தத் தொகையும் பாங்கில் தயாராக இருந்தது. கொடுக்க இன்னும் ஒன்பது நாள்.

"ஒம்பது நாள் சும்மாக் கெடக்குதுங்க அத்தனை பணம்" என்று தெய்வசிகாமணி மேலாளர்கள் கூட்டத்தில் சொன்னார். "மாப்பிள்ளைகிட்டக் குடுத்தா ஒண்ணரையா ஆக்கித் தந்துரும். போனஸைக் குடுத்துட்டு, ஆளுக்கொரு குக்கரும் குடுக்கலாம். மிச்சம் கம்பெனிக்கு."

எல்லாரும் தலையாட்டினார்கள். சென்னியப்பன் மட்டும் தலையாட்டவில்லை. இந்தத் தடவை மாப்பிள்ளை கவிழும், பணம் போகும், போனஸ் நாளன்று ஐந்நூற்று நாற்பது பேரும் வாசலில் நிற்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதென்றால், கண்முன்னால் தெரிந்தது.

இங்கேதான் சிக்கல். அவர் உறுதியாக நம்பினால் அது தப்பு. ஆகவே மாப்பிள்ளை கவிழாது. கவிழாது என்றால் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியதில்லை என்று இப்போது நம்புகிறாரே, அப்படியானால் அது தப்பு; கவிழும். கேண்டீனில் தக்காளி சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு இந்த வட்டத்தில் பதினொரு தடவை சுற்றினார். பிறகு எழுந்து மாகாளியம்மன் கோயிலுக்குப் போனார்.

வெள்ளை வந்தால் முதலாளியிடம் பேசுவது, சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொள்வது என்று வேண்டிக்கொண்டார். பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

கை தன்பாட்டில் பொட்டலத்தை மறுபடி மடிக்கப் போனது. "இன்னொருக்காப் பாக்கலாங்களா?" என்றார் பழகிய பூசாரி. சென்னியப்பன் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இருபத்திரண்டு வருஷக் கணக்கு இருக்கிறதே. உத்தரவு உத்தரவுதான், இந்த ஒரு தடவையாவது அம்மன் சொன்னபடி சும்மா இருப்போம் என்று தீர்மானித்துக் கம்பெனிக்குத் திரும்பினார்.

வாசலிலேயே தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தார்.

"சென்னியண்ணா, உங்களைத்தான் தேடறேன். பணத்தை மாத்தறதுக்குக் கையெழுத்துப் போடப் போறேன். எதுக்கும் உங்க வாயால ஒரு வார்த்தை. போடலாங்களா, வேண்டாமா?"

அவர் முகத்தைப் பார்த்ததுமே சென்னியப்பனுக்கு விளங்கிவிட்டது. முதலாளி யோசனை கேட்கவில்லை, சகுனம் பார்க்கிறார். 'வேண்டாம்' என்ற வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். அது வந்ததும் சந்தோஷமாகப் போய்க் கையெழுத்துப் போடுவார். பதில் சொல்லாமல் நின்றாலும் அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்.

அம்மன் உத்தரவு காற்றில் போயிற்று.

"போடுங்க!" என்றார் சென்னியப்பன். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இதுக்கென்னுங்க ரோசனை? மாப்பிள்ளை தோக்கவே மாட்டாரு. போனஸ் மட்டும் எதுக்கு? வீட்டுப் பத்திரம், தோட்டத்துப் பத்திரம் எல்லாத்தையும் சேத்துப் போடுங்க. நானே எம்பட பி.எஃப். பணத்தை எடுத்துட்டு வரலாம்னு இருக்கறேன்!"

தெய்வசிகாமணியின் முகம் வெளுத்துப்போயிற்று. திரும்பி உள்ளே போனார். கையெழுத்துப் போடவில்லை. போனஸ் பணம் பாங்கிலேயே இருந்தது; மாப்பிள்ளை கைக்கு வழக்கமான கம்பெனிப் பணம் மட்டுமே போயிற்று. சென்னியப்பன் கழிவறைக்குப் போய் முகம் கழுவினார். மணிக்கட்டில் பட்டை விட்டு விட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு ஒன்பது நாளும் அவர் கவிழ்வதற்காகக் காத்திருந்தார். கவிழவில்லை. முதல் நாள் யூரோ விழும் என்று சொன்னார், மாப்பிள்ளை வாங்கியது, யூரோ பட்டாசு மாதிரி எகிறியது. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. எட்டாம் நாள் ஜெஸ்லின் கணக்குப் பார்த்தாள். போனஸ் பணம் உள்ளே இருந்திருந்தால் ஒன்றரை இல்லை, இரண்டு மடங்காகியிருக்கும்.

பேக்கிங் ஹாலில் போனஸ் கொடுத்தார்கள். பேசிய தொகை, ஒரு ரூபாய் குறையாமல், ஒரு ரூபாய் கூடாமல். ஊருக்குப் போகிற பைகளெல்லாம் சுவரோரமாக வரிசையில் இருந்தன. செக்கிங் பிரிவுப் பரிமளம், உசிலம்பட்டிக்காரி, கவரை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு நேராகச் சென்னியப்பனிடம் வந்தாள்.

"ஏன் சார், நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஆளுக்கொரு குக்கர் வந்திருக்குமாமே? உங்க வாய்க்கு ஒரு தையலைப் போட்டா என்ன?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். யாரைக் காப்பாற்றினோமோ அவர்களிடமே வாங்கிக் கட்டிக்கொள்வதும் தம் உத்தியோகத்தில் சேர்ந்ததுதான் போலும் என்று நினைத்தார். உண்மையில் காப்பாற்றவும் இல்லையே. இருபத்து மூன்றரை வருஷத்துக் கணக்கில் இன்னொரு தப்பு, அவ்வளவுதான்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. உள்ளே ஜெஸ்லினும் இருந்தாள். தெய்வசிகாமணி நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சென்னியண்ணா, நீங்க போடச் சொன்னீங்க. போட்டிருந்தா ரெட்டிப்பாயிருக்கும். அப்படீன்னா நீங்க சொன்னது சரி."

"அப்படித்தானுங்க ஆயிப்போச்சு."

"அதுதான் பயமா இருக்குது. இத்தனை வருஷத்துல இவ்வளவு பெரிய விஷயத்துல முதல் தடவையாச் சரியாச் சொல்லியிருக்கறீங்க. ஆள் கெட்டுப்போயிட்டீங்களோன்னு. இனி உங்களை நம்பி எப்படீங்க எதிர்ப்பக்கம் போறது? கணக்கு முடிச்சு அனுப்பீரலாம்னு பாக்கறேன்."

தப்பாகச் சொன்னபோதெல்லாம் வைத்துக்கொண்டவர்கள், சரியாகச் சொன்னதற்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஜெஸ்லின் குறுக்கே வந்தாள்.

"சார், அவர் கெட்டுப்போகலை. இதைப் பாருங்க." ஒரு தாளை நீட்டினாள். "அன்னைக்கு வாசல்ல பேசினப்ப அவர் பட்டையில பதிவானது. நாடி நூத்து இருபத்தாறு. வாய் போடுங்கன்னு சொல்லுச்சு, மனசு பூராவும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. பணம் போயிரும்னு அப்பவும் நம்பினார். வழக்கம்போலத் தப்பு. அவர் சரியாச் சொல்லலை சார். பொய் சொல்லியிருக்கார்."

ஒரு மனிதனின் வேலையைக் காப்பாற்ற அவனைப் பொய்யன் என்றும் முட்டாள் என்றும் ஒரே மூச்சில் நிரூபித்த பெண்ணைச் சென்னியப்பன் நன்றியோடு பார்த்தார்.

தெய்வசிகாமணி தாளைக் கீழே வைத்தார்.

"பொய்யாங்க சொன்னீங்க?"

"ஆமாங்க."

"எதுக்குங்க? வேண்டாம்னு நேராச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நேராச் சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களே."

தெய்வசிகாமணி ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒடிசாப் பையன்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சரி, இப்பச் சொல்லுங்க" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில். "நான் எதிர்ப்பக்கம் போகலை. அடுத்த வருஷம் போனஸ் பணத்தை மாப்பிள்ளைகிட்டக் குடுத்தா ஜெயிக்குமா, தோக்குமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஜெயிச்சாலும் ஜெயிக்கும். இந்தத் தடவையே ஜெயிச்சுதே." சென்னியப்பன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா அது அவங்க காசுங்க. நம்மளுது இல்ல. ஜெயிக்குமான்னே நாம கேக்கக்கூடாதுங்க. அன்னைக்கே கூட்டத்துல இதைச் சொல்லியிருக்கோணும். யூரோவைப் பத்தியே யோசிச்சு யோசிச்சு, இதைச் சொல்லலாம்னே எனக்குத் தோணாமப் போச்சு."

சொல்லி முடித்தபின்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு வட்டம் சுற்றி, பூக் கேட்டு, பொய் சொல்லி, பி.எஃப். பணத்தையெல்லாம் இழுத்து எவ்வளவு பெரிய கூத்து ஆடிவிட்டோம் என்று நினைத்தார். ஜெஸ்லின் தன் கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாடி எழுபத்து நாலு" என்றாள். "இதுல எதிர்ப்பக்கம் எதுன்னு மாப்பிள்ளைக்குத் தெரியலை சார். கணிப்புன்னே எடுத்துக்க மாட்டேங்குது."

தெய்வசிகாமணி கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டார். அடுத்த வருஷத்திலிருந்து போனஸுக்கு என்று தனிக் கணக்கு. மாப்பிள்ளையின் கை அதில் படக்கூடாது. எழுத்தில் வேண்டும், யூனியனுக்கு ஒரு நகல் போக வேண்டும் என்றார். இருபத்து மூன்றரை வருஷத்தில் சென்னியப்பன் சொன்னதை அவர் சொன்னபடியே ஒருவர் கேட்டுச் செய்தது அப்போதுதான். சென்னியப்பன் எழுந்து கும்பிட்டுவிட்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"சென்னியண்ணா."

திரும்பினார்.

"தீபாவளி முடிஞ்சு மார்க்கெட் தொறக்கறப்ப யூரோ என்ன பண்ணும்?"

சென்னியப்பன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தார். "ஏறுமுங்க" என்றார். "சத்தியமா ஏறும்."

தெய்வசிகாமணி ஜெஸ்லின் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் வித்துரும்மா" என்றார். மூன்று பேருமே சிரித்தார்கள். சென்னியப்பன்தான் கடைசியாகச் சிரிக்க ஆரம்பித்தார், கடைசி வரைக்கும் சிரித்தவரும் அவர்தான். கீழே இறங்கிப் போகும்போதும் அந்த யூரோ ஏறத்தான் போகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.